பயனர் எழுதும் செருகுநிரல் விழுந்தாலும் முதன்மைச் செயலி விழாமல் காப்பது எப்படி?

மணிமுத்தாறு:

அனைவருக்கும் வணக்கம். சுழலும் இயந்திரங்களின் அதிர்வைப் பதிவு செய்யும் கருவிகளிலிருந்து தரவைப் படித்து அலசித் தரும் விண்டோஸ் செயலி ஒன்றை ஒரு சிறு குழுவாகப் பராமரித்து வருகிறோம். சி ஷார்ப்பில் எழுதப்பட்ட இந்தச் செயலியை அண்மையில் டாட்நெட் ஃபிரேம்வொர்க்கிலிருந்து டாட்நெட் 8க்கு மாற்றினோம். ஒவ்வோர் ஆலையிலும் பம்புகளும் விசிறிகளும் கியர் பெட்டிகளும் வெவ்வேறு வகையாக இருப்பதால், தங்களுக்குத் தேவையான வடிகட்டிகளையும் கணக்கீடுகளையும் பயனர்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளும் வசதி தொடக்கத்திலிருந்தே உண்டு. செயலிக்குள் இருக்கும் எடிட்டரில் அவர்கள் எழுதும் இந்தச் செருகுநிரல்களை (பிளக்–இன்) ரோஸ்லின் என்னும் சி ஷார்ப் கம்பைலர் வழியாக நாங்களே கம்பைல் செய்து ஏற்றுகிறோம். சிலர் முன்பே கம்பைல் செய்த, ஆயத்தமான டிஎல்எல் கோப்பாகவும் கொண்டுவருகிறார்கள். இந்த வசதிக்காகவே பலர் எங்கள் செயலியைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதால், அதைக் குறைக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

செருகுநிரலை அழைக்கும் ஒவ்வோர் இடத்தையும், பிழையைப் பிடிக்கும் ட்ரை–கேட்ச் கொண்டு சுற்றியிருக்கிறோம். வரிசையின் எல்லையைத் தாண்டிப் படித்தல், நல் ரெஃபரன்ஸ் போன்ற பிழைகள் அதில் பிடிபட்டு, பயனருக்கு உரிய செய்தியும் போய்ச் சேர்கிறது. பிடிபடாதவை மூன்று. ஒரு பிராப்பர்ட்டி தன்னையே திரும்பப் படிக்கும்படி எழுதிவிட்டால், அழைப்புகளைக் குறித்து வைக்கும் நினைவகப் பகுதியான ஸ்டாக் நிரம்பி, எந்தச் செய்தியும் இல்லாமல் செயலி மறைந்துவிடுகிறது. முடிவில்லாத லூப் ஒன்றில் சிக்கிய திரெட்டை, அதாவது ஓட்ட இழையை, நிறுத்த வழியில்லை, ஏனெனில் அதற்கான திரெட் அபார்ட் அழைப்பு புதிய டாட்நெட்டில் வேலை செய்வதில்லை. மூன்றாவது, கருவியோடு வந்த பழைய சி++ டிஎல்எல்லைச் சிலர் தங்கள் செருகுநிரலிலிருந்து அழைக்கிறார்கள். அது நினைவகத்தில் தவறான இடத்தில் எழுதினால் எல்லாமே விழுகிறது. அப்போது, பொறியாளர் ஒரு ஷிஃப்ட் முழுவதும் உட்கார்ந்து குறித்து வைத்த குறிப்புகளும் சேர்ந்து போய்விடுகின்றன. எங்களை மிகவும் வருத்துவது இதுதான்.

முன்பு, ஒரே பிராசஸுக்குள் (இயங்கும் நிரலுக்குள்) நிரல்களைத் தனித்தனியே வைக்கும் ஆப்டொமைன் கொண்டு பிரித்துவிடலாம் என்று திட்டமிட்டிருந்தோம். டாட்நெட் 8ல் புதிய ஆப்டொமைனை உருவாக்கவே முடியாது. ஒரே பிராசஸுக்குள் இருந்தபடி இம்மூன்றையும் தடுக்க வழி உண்டா? இல்லையென்றால், வேகத்தை இழக்காமல் பிரிப்பது எப்படி?

வெட்டிவேர்:

ஒரே பிராசஸுக்குள் இம்மூன்றுக்கும் சேர்த்து ஒரு தீர்வு கிடையாது. அதை முதலிலேயே ஏற்றுக்கொண்டால் பின்னால் வீணாகும் உழைப்பு பெருமளவில் மிச்சமாகும் என்பதால் இவ்வளவு நேராகச் சொல்கிறேன்.

டாட்நெட் 2.0 வெளிவந்த 2005லிருந்தே, ஸ்டாக் ஓவர்ஃப்ளோவை கேட்ச் பகுதியால் பிடிக்க முடியாது. இயக்கச்சூழலே பிராசஸை முடித்துவிடுகிறது. தவறான நினைவக அணுகலைக் குறிக்கும் ஆக்சஸ் வயலேஷனும் 2010ல் வந்த 4.0 பதிப்பிலிருந்து இயல்பாக கேட்ச் பகுதிக்கு வந்து சேர்வதில்லை. அப்போது அதைக் கேட்டுப் பெறுவதற்கு இருந்த விதிவிலக்கும் டாட்நெட் கோர் வந்தபின் செல்லாமல் போயிற்று. இது குறைபாடு அன்று, சரியான முடிவு என்பதே என் கருத்து. அந்த சி++ டிஎல்எல் உங்கள் நினைவகத்தில் எங்கோ எட்டு பைட்டை மாற்றி எழுதிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அந்தப் பொறியாளரின் குறிப்புகள் இருந்த இடமாகவும் இருக்கலாம். அதன்பின் உங்கள் செயலி தொடர்ந்து ஓடி, கெட்டுப்போன தரவைப் பழைய கோப்பின் மேலேயே சேமித்துவிட்டால், அது விழுவதைக் காட்டிலும் பெரிய இழப்பு.

ஆப்டொமைன் இல்லாமல் போனதற்காக நீங்கள் வருந்த வேண்டியதில்லை. பழைய ஃபிரேம்வொர்க்கிலும், எந்த ஆப்டொமைனில் இருந்தாலும் ஒரு திரெட்டில் பிடிபடாத எக்செப்ஷன் எழுந்தால் பிராசஸ் முழுவதும் முடிந்துவிடும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவுக்கும் அதே கதிதான். எஸ்க்யூஎல் சர்வர் 2005 போன்ற சில மென்பொருள்கள் மட்டும், இயக்கச்சூழலைத் தாங்களே ஏற்றி நடத்துவதற்கான தனி ஏபிஐ வழியாக, பிழை வந்தால் அந்த ஆப்டொமைனை மட்டும் இறக்கிவிடும்படி கொள்கை வகுத்துக்கொண்டன. இப்போது கிடைக்கும் அசெம்ப்ளி லோட் கான்டெக்ஸ்ட்டோ டிஎல்எல்களின் பதிப்புகளைப் பிரித்து வைப்பதற்கும் இறக்குவதற்கும் மட்டுமே உதவும். அதற்குள் ஒரு திரெட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் இறக்குதல் நிறைவேறாது. ஆகவே முடிவில்லாத லூப்புக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். செருகுநிரல் தானே ஒரு திரெட்டைத் தொடங்கினால், அதில் எழும் எக்செப்ஷன் உங்கள் ட்ரை–கேட்ச்சுக்கு வெளியே நிகழ்கிறது. ஏசிங்க் வாய்ட் என்று அறிவித்த மெத்தடிலும் அப்படியே. என்விரான்மென்ட் எக்ஸிட் என்று ஒரு வரி எழுதினால் போதும், பிழையே இல்லாமல் செயலி மூடிக்கொள்ளும்.

எனவே பிராசஸைப் பிரியுங்கள். ஒரு பிராசஸின் நினைவகத்தை இன்னொன்று கெடுக்காமல் காக்கும் வேலையை இயக்குதளம் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறது. அதைவிட உறுதியான சுவரை நாம் எழுதப்போவதில்லை. கிம்ப் பட மென்பொருள் நெடுங்காலமாக இவ்வாறே இயங்குகிறது: ஒவ்வொரு செருகுநிரலும் தனி நிரலாக ஓடுகிறது, பைப் என்னும் செய்திக் குழாய் வழியாகப் பேசிக்கொள்கிறது, படத்தின் புள்ளிகள் பகிர்வு நினைவகம் வழியாகப் போகின்றன. செருகுநிரல் விழுந்தால் கிம்ப் தப்பிவிடும். ஆயினும் செத்த செருகுநிரல் உள்நிலையைக் குலைத்திருக்கக்கூடும், படங்களைச் சேமித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள் என்று எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை நேர்மையானது, உங்கள் செயலியிலும் இருக்க வேண்டியது.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில. செருகுநிரலுக்காக முதன்மைச் செயலி தொடங்கும் குழந்தைப் பிராசஸை, பிராசஸ்களைத் தொகுத்துக் கட்டுப்படுத்தும் விண்டோஸின் ஜாப் ஆப்ஜெக்ட்டுக்குள் வைத்து, ஜாப் மூடப்பட்டால் உள்ளிருப்பவை அனைத்தும் முடிய வேண்டும் என்று அமைத்துவிடுங்கள். முதன்மைச் செயலி மூடியபின் அனாதையாக எதுவும் ஓடிக்கொண்டிருக்காது. நினைவக உச்சவரம்பையும் அதே ஜாப்பில் வைக்கலாம். செட் எரர் மோட் அமைப்பு குழந்தைப் பிராசஸுக்கும் கடத்தப்படும் என்பதால், விழும்போது விண்டோஸின் பிழைப்பெட்டி திரையில் வந்து வழியை மறிக்காமல் தடுத்துவிடலாம். குழந்தைப் பிராசஸின் பிழை வெளியீட்டை, அதாவது ஸ்டாண்டர்ட் எரரை, கட்டாயம் பிடித்து வையுங்கள். டாட்நெட் கோர் 3.0லிருந்து, ஸ்டாக் நிரம்பி விழும்போது எந்த மெத்தட்கள் சுழற்சியாக அழைக்கப்பட்டன, எத்தனை முறை திரும்பின என்பதை அங்கே எழுதிவிட்டுத்தான் பிராசஸ் முடிகிறது. சொல்லாமல் மறைந்த செயலிக்குப் பதிலாக, தவறு இந்த பிராப்பர்ட்டியில் இருக்கிறது என்று பயனருக்குக் காட்ட அது போதும்.

உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கப் பலர் குழந்தைப் பிராசஸில் ஒரு தனி திரெட் வைத்து, நொடிக்கொரு முறை செய்தி அனுப்பச் சொல்வார்கள். அதனால் பயனில்லை. பயனரின் கணக்கீடு முடிவில்லாத லூப்பில் சுழலும்போதும் அந்தத் திரெட் நலமாகவே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். ஒவ்வோர் அழைப்பும் எப்போது தொடங்கியது, முன்னேறுகிறதா என்பதையே அளக்க வேண்டும்.

நெய்தல்நிலம்:

வெட்டிவேர் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் மூலநிரலைத் தாங்களே கம்பைல் செய்வதாக மணிமுத்தாறு எழுதியிருக்கிறார். அது சிறிய செய்தி அன்று. மூலநிரல் கையில் இருக்கும்போது, முதல் இரண்டு சிக்கல்களையும் பிராசஸ் விழும் நிலைக்குப் போகுமுன்பே தடுத்துவிட முடியும்.

ரோஸ்லின் தரும், நிரலின் அமைப்பைக் காட்டும் சின்டாக்ஸ் மரத்தைக் கம்பைல் செய்வதற்கு முன் மாற்றி எழுதலாம். ஒவ்வொரு மெத்தட், பிராப்பர்ட்டி, லாம்டா, உள் ஃபங்ஷன் ஆகியவற்றின் முதல் வரியாக, ரன்டைம் ஹெல்பர்ஸ் வகுப்பில் உள்ள என்ஷ்யூர் சஃபிஷியன்ட் எக்ஸிக்யூஷன் ஸ்டாக் என்னும் அழைப்பைச் செருகுங்கள். ஸ்டாக்கில் போதிய இடம் மீதமில்லை என்றால் அது சாதாரண எக்செப்ஷன் ஒன்றை எழுப்பும். அதை கேட்ச் பகுதியால் பிடிக்க முடியும். தன்னையே படிக்கும் பிராப்பர்ட்டி இப்போது செயலியை வீழ்த்தாமல், வரி எண்ணோடு கூடிய பிழைச் செய்தியாக முடியும். அவ்வாறே ஒவ்வொரு லூப்பின் தலையிலும், நிறுத்தச் சொல்லியிருக்கிறார்களா என்று பார்க்கும் ஒரு வரியைச் செருகலாம். கோட்டூ கொண்டு பின்னோக்கித் தாவும் இடங்களையும் மறந்துவிடக் கூடாது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. லூப்புக்குள் பயனரே எல்லா எக்செப்ஷனையும் விழுங்கும் கேட்ச் ஒன்றை எழுதியிருந்தால், நீங்கள் எழுப்பும் நிறுத்தல் எக்செப்ஷனும் அதில் விழுங்கப்பட்டு லூப் தொடர்ந்து ஓடும். ஆகவே அவர்களுடைய கேட்ச் பகுதிகளிலும் வென் நிபந்தனை ஒன்றைச் சேர்த்து, உங்கள் எக்செப்ஷன் மட்டும் கடந்து போகும்படி செய்யுங்கள். லுவா மொழியைத் தங்கள் மென்பொருளில் பதித்தவர்களுக்கு இது பழகிய சிக்கல்: இத்தனை கட்டளைகளுக்கு ஒரு முறை என்று ஹூக் (இடையிட்டு அழைக்கப்படும் நிரல்) வைத்து, வரம்பு மீறினால் பிழை எழுப்பினால், பிழைகளைப் பிடிக்கும் பயனரின் பி–கால் அழைப்பு அந்தப் பிழையையும் பிடித்துக்கொள்ளும். வரம்பு மீறிய பிறகு ஹூக்கை ஒவ்வொரு கட்டளைக்கும் வரும்படி மாற்றிவிட்டால் லூப்பால் தொடர முடியாது.

நூலகத்துக்குள்ளேயே நெடுநேரம் ஓடும் வேலையை இந்த வரிகள் எட்டா. ரெகுலர் எக்ஸ்பிரஷன் ஒன்று பின்னோக்கித் தேடித் தேடி முடிவுக்கு வராமல் போவது நல்ல எடுத்துக்காட்டு. டாட்நெட்டில் அதற்கென்று நேர வரம்பு வைக்கும் வசதி தனியே உண்டு, அதையும் அமைத்துவிடுங்கள்.

பயனர்களுக்கு முழு சி ஷார்ப்பும் உண்மையிலேயே தேவையா என்றும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். சூத்திரம் எழுதுவதற்கு மட்டும் என்றால் ஜின்ட் போன்ற ஜாவாஸ்கிரிப்ட் இன்டர்பிரிட்டர் போதும். நேரம், நினைவகம், மறு அழைப்பின் ஆழம், கட்டளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் அதில் வரம்பு வைக்கலாம். இன்னும் கடுமையான வேலி வேண்டுமென்றால் வெப்அசெம்ப்ளி இருக்கிறது. அதை ஓட்டும் வாஸ்ம்டைம் கொண்டு ஓட்டினால், நிரலுக்கு ஒதுக்கிய நினைவகத்தை விட்டு வெளியே எழுதவே முடியாது. எரிபொருள் அளப்பது போல் கட்டளைகளை எண்ணி நிறுத்தவும் முடியும்.

இவை அனைத்தும் கவனக்குறைவால் எழும் பிழைகளுக்கே. வேண்டுமென்றே தீங்கு செய்ய எழுதப்பட்ட நிரலை சின்டாக்ஸ் மரத்தை மாற்றித் தடுக்க முடியும் என்று நம்பிவிடாதீர்கள். பைத்தான் மொழியின் ரெக்ஸெக் மாட்யூல் அப்படி ஒரு முயற்சி. ஓட்டைகளை அடைத்து முடியாமல் 2.3 பதிப்பில் முடக்கப்பட்டு, 3.0ல் நீக்கவும் பட்டது. உங்கள் பயனர்கள் தங்கள் சொந்த நிரலைத் தங்கள் கணினியிலேயே ஓட்டுபவர்கள் என்பதால் இது உங்களுக்கு உடனடிக் கவலை இல்லை. நாளை செருகுநிரல்களை ஒருவருக்கொருவர் பகிர வழி செய்தால் கவலையாகும்.

மணிமுத்தாறு:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆயத்தமான டிஎல்எல் கொண்டுவருபவர்களுக்குத் தனிப் பிராசஸ், எடிட்டரில் எழுதுபவர்களுக்கு மரத்தை மாற்றி எழுதுவதோடு தனிப் பிராசஸும் என்று திட்டமிடத் தோன்றுகிறது. வேகம் பற்றிய ஐயம் மட்டும் தீரவில்லை. எங்கள் கருவிகள் ஒரு சேனலுக்கு நொடிக்கு 25,600 மாதிரிகளைப் பதிவு செய்கின்றன. ஒரு நிமிடப் பதிவென்றால் ஒரே சேனலில் 15,36,000 மாதிரிகள். பழைய இன்டர்ஃபேஸ் ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு முறை செருகுநிரலை அழைக்கிறது. அதை நம்பி எழுதப்பட்ட செருகுநிரல்கள் ஆலைகளில் நிறைய இருக்கின்றன. அவற்றை மாற்றி எழுதச் சொல்ல முடியாது.

வெட்டிவேர்:

நேம்டு பைப் வழியாக ஒரு முறை போய்த் திரும்புவதற்குச் சில பத்து மைக்ரோ நொடிகள் ஆகும். முப்பது மைக்ரோ நொடி என்று வைத்துக்கொண்டாலும், உங்கள் கணக்குப்படி ஒரு நிமிடப் பதிவை ஒரு சேனலுக்கு அலசப் போக்குவரத்துக்கு மட்டுமே 46 நொடிகள் போய்விடும். ஆகவே மாதிரிக்கு ஒரு முறை எல்லையைத் தாண்டக் கூடாது என்பது சரி. ஆனால் அதற்காக இன்டர்ஃபேஸை மாற்ற வேண்டியதில்லை. லூப்பைத்தான் இடம் மாற்ற வேண்டும். மாதிரி மாதிரியாக அழைக்கும் லூப் இப்போது முதன்மைச் செயலியில் இருக்கிறது. அதைக் குழந்தைப் பிராசஸுக்குள் கொண்டுபோய், முழுப் பதிவையும் ஒரே வேண்டுகோளாக அனுப்புங்கள். பழைய செருகுநிரல் முன்போலவே மாதிரிக்கு ஒரு முறை அழைக்கப்படும். அந்த அழைப்பு பிராசஸுக்குள்ளேயே நடப்பதால் முன்பு இருந்த வேகம் குறையாது.

தரவைப் பைப்பில் தள்ளாமல், இரு பிராசஸ்களும் நினைவகம் போலவே அணுகும் மெமரி மேப்டு ஃபைல் வழியாகப் பகிருங்கள். உள்ளீட்டுப் பகுதியைக் குழந்தைப் பிராசஸ் படிக்க மட்டும் உரிமையோடு திறக்க வேண்டும். அப்போது தவறான சி++ டிஎல்எல் அங்கே எழுத முயன்றால் அந்தப் பிராசஸ் மட்டும் விழும், மூலப் பதிவு அப்படியே இருக்கும். விடைக்குத் தனிப் பகுதி. அதிலிருந்து எடுப்பதை நம்பாமல், நீளம் சரியா, எண்களில் நேன் (எண் அல்லாத மதிப்பு) கலந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே உங்கள் ஆவணத்தில் சேருங்கள்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஒவ்வொரு இணைப்புக்கும் தனிப் பிராசஸ் வைத்திருக்கிறது. இருந்தும், சி மொழியில் எழுதிய நீட்டிப்பு ஒன்று ஓர் இணைப்பின் பிராசஸை வீழ்த்தினால், தலைமைப் பிராசஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு, மீட்பு நடத்தித்தான் மறுபடி தொடங்குகிறது. எல்லாப் பிராசஸ்களும் எழுதக்கூடிய பகிர்வு நினைவகம் நடுவில் இருப்பதால், விழுந்த பிராசஸ் அதில் என்ன செய்துவிட்டுப் போனது என்று அறிய வழியில்லை. எழுதும் உரிமையோடு எதைப் பகிர்கிறீர்களோ அந்த அளவுக்குச் சுவர் திறந்தே இருக்கும்.

கொடிக்கால்:

விழுந்த பின் என்ன செய்வது என்பதைப் பற்றியும் சில சொற்கள் எழுத விரும்புகிறேன். பிராசஸைப் பிரித்தவுடன் வேலை முடிந்துவிட்டதாகப் பல குழுக்கள் நிறுத்திக்கொள்கின்றன. பயனரின் துன்பம் அங்கிருந்துதான் வேறு வடிவில் தொடர்கிறது.

முதலாவது, எந்தச் செருகுநிரல் விழுந்தது என்று பெயர் சொல்ல முடிய வேண்டும். விஎஸ் கோட் தன் நீட்சிகளை எடிட்டரின் திரையிலிருந்து பிரித்து எக்ஸ்டென்ஷன் ஹோஸ்ட் என்ற தனிப் பிராசஸில் ஓட்டுகிறது. அதனால் ஒரு நீட்சி சிக்கினாலும் தட்டச்சு நிற்பதில்லை. ஆனால் பல நீட்சிகள் அந்த ஒரே பிராசஸில் சேர்ந்திருப்பதால், அது விழுந்தால் குற்றவாளி யார் என்று தானாகத் தெரியாது. பாதிப் பாதியாக முடக்கித் தேட பைசெக்ட் என்ற தனி வசதியையே அவர்கள் செய்ய வேண்டியிருந்தது. உங்களிடம் ஒரே நேரத்தில் ஓடும் செருகுநிரல்கள் குறைவாகத்தான் இருக்கும். ஆகவே ஒன்றுக்கு ஒரு பிராசஸ் கொடுங்கள். ஒரு வெற்றுப் பிராசஸை முன்கூட்டியே தொடங்கி ஆயத்தமாக வைத்திருந்தால், விழுந்ததன் இடத்தில் அடுத்தது தாமதமின்றி வந்து நிற்கும்.

அடுத்து, திரும்பத் திரும்ப விழுவதைத் தானாக மறுதொடக்கம் செய்துகொண்டே இருக்காதீர்கள். அவுட்லுக் 2013, தொடங்கும்போது தாமதம் செய்யும் ஆட்–இன்களை முடக்கிவிடும். அடுத்தடுத்த ஐந்து தொடக்கங்களின் இடைநிலை அளவு 1000 மில்லி நொடியைத் தாண்டுகிறதா என்பதே அங்கே அளவுகோல். ஒரு முறை நேர்ந்த தாமதத்துக்காகத் தண்டிக்காமல், பழக்கமாகிவிட்டதா என்று பார்ப்பது நியாயமான முறை. முடக்கும்போது பயனரிடம் சொல்லுங்கள், மறுபடி இயக்கும் உரிமையையும் அவரிடமே விடுங்கள். அவர் எழுதிய நிரல் அவருடைய ஆலைக்கு எவ்வளவு முக்கியம் என்பது நமக்குத் தெரியாது.

திரையில் நேரடியாக வரையும் செருகுநிரல் ஏதேனும் இருந்தால் அதை வெளியே தள்ளுவது கடினம். அதற்கு, ஏற்றுவதற்கு முன் அதன் பெயரை வட்டில் ஒரு சிறு கோப்பில் எழுதிவிட்டு, ஏற்றி முடிந்ததும் அழித்துவிடுங்கள். அடுத்த முறை செயலி தொடங்கும்போது அந்தக் கோப்பு இருந்தால், சென்ற முறை அதை ஏற்றும்போதுதான் விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பயனரின் குறிப்புகளையும் செருகுநிரலை அழைப்பதற்கு முன்பே வட்டில் எழுதிவிடுங்கள். நீங்கள் முதலில் வருந்தி எழுதிய இழப்புக்கு நேர் மருந்து அதுவே. பிராசஸைப் பிரிக்கும் பெரிய வேலை முடியும் வரை காத்திருக்காமல் அடுத்த வெளியீட்டிலேயே சேர்க்கக்கூடிய மாற்றமும் அதுதான்.

மணிமுத்தாறு:

குறிப்புகளை முன்கூட்டியே எழுதிவிடும் மாற்றத்தை முதலில் செய்கிறோம். இன்னும் ஒரே ஐயம்: ஓர் அழைப்புக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது? பயனர்கள் விஷுவல் ஸ்டூடியோவின் டீபக்கரை (பிழை தேடும் கருவியை) இணைத்துத் தங்கள் நிரலைச் சோதிப்பதும் உண்டு. நிரலை இடையில் நிறுத்திப் பார்க்கும் பிரேக்பாயின்ட்டில் நிற்கும்போது, நேரத்தைக் கண்காணிக்கும் நம் காவல் நிரல் பிராசஸைக் கொன்றுவிடுமே.

நெய்தல்நிலம்:

ஃபயர்பாக்ஸ் 3.6.4 பதிப்பு 2010 ஜூனில் ஃபிளாஷ் போன்ற செருகுநிரல்களைத் தனிப் பிராசஸுக்கு மாற்றியபோது, 10 நொடி பதில் வராவிட்டால் கொன்றுவிடும்படி அமைத்திருந்தார்கள். வேகம் குறைந்த கணினிகளில் நலமாக ஓடிக்கொண்டிருந்த ஃபிளாஷ் விளையாட்டுகளும் கொல்லப்பட்டதால், சில நாட்களிலேயே 3.6.6 வெளியிட்டு அதை 45 நொடியாக உயர்த்தினார்கள். உலாவியைவிட உங்கள் கணக்கீடுகள் நீளமானவை. ஆகவே நிலையான வரம்பு எதுவும் வேண்டாம் என்பேன். லூப்பு இப்போது குழந்தைப் பிராசஸில் இருப்பதால், எத்தனையாவது மாதிரி வரை வந்திருக்கிறது என்பதைப் பகிர்வு நினைவகத்தில் அது எழுதிக்கொண்டே போகலாம். அந்த எண் நகரும் வரை காத்திருங்கள். நகராமல் நின்றுவிட்டால் உடனே கொல்லாமல், காத்திருக்கவா நிறுத்தவா என்று பயனரிடம் கேளுங்கள். ஆளில்லாமல் இரவில் தானாக ஓடும் வேலைகளுக்கு மட்டும் தானாக நிறுத்தும் வரம்பைப் பயனரே அமைப்பில் குறிக்கட்டும்.

டீபக்கருக்கு வழி எளிது. டீபக்கர் இணைந்திருக்கிறதா என்பதை டீபக்கர் வகுப்பின் இஸ் அட்டாச்டு பிராப்பர்ட்டி சொல்லும். ஆனால் அதைப் படிக்க வேண்டியது குழந்தைப் பிராசஸ், முதன்மைச் செயலி அன்று. பிரேக்பாயின்ட்டில் எல்லாத் திரெட்களும் நின்றுவிடும் என்பதால் அப்போது கேட்டால் பதில் வராது. ஆகவே ஒவ்வோர் அழைப்பையும் தொடங்கும்போதே அந்த மதிப்பை முன்னேற்ற எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வைக்கச் செய்யுங்கள். இணைந்திருக்கிறது என்றால் அந்த அழைப்பு முடியும் வரை காவல் நிரல் கணக்கெடுக்காமல் இருக்கட்டும். சி++ பகுதிக்காக நேட்டிவ் டீபக்கரை மட்டும் இணைப்பவர்களை அந்த பிராப்பர்ட்டி காட்டாது. அவர்களுக்காக விண்டோஸின் செக் ரிமோட் டீபக்கர் பிரசன்ட் அழைப்பை முதன்மைச் செயலியிலிருந்தே செய்து பார்க்கலாம்.